கமலை மாடு கட்டி இழுத்த கார்

எங்கள் அப்பா பாம்புக்குப் பயப்படமாட்டார், கயிற்றுக்குப் பயப்படுவார். துணி காயப்போடும் கொடி கொஞ்சம் விறைப்பாக இருந்தால் போதும், எங்களை இரண்டு எட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுவார். யுத்த காலத்தில் அசாம் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அங்கே சேற்றில் புதைந்த லாரியை இன்னொரு லாரியால் இழுத்தபோது வடம் அறுந்து, பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தவரின் காலை முறித்துவிட்டதாம். இந்தக் கதையை அப்பா சொல்லாத விருந்தாளி கிடையாது. அதிலும் விருந்தாளி இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுக்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும்.

பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஐந்து விதிகள். அதை என் கைவிரல்களில்தான் சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரல் என்றால், வடத்தை வண்டியின் அச்சில் கட்டு, பம்பரில் கட்டாதே, பிய்த்துக்கொண்டு வந்தால் குண்டு மாதிரி வரும். ஆள்காட்டி விரல் என்றால், வண்டியில் இருக்கிற ஆளையும் சாமானையும் இறக்கு. நடுவிரலுக்கு, வடத்தின் மேல் ஈரச்சாக்கைப் போடு, அறுந்தாலும் துள்ளாமல் அங்கேயே விழும். மோதிரவிரலுக்கு, வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்கு அப்பால் ஆட்களை நிறுத்து. கடைசியாகச் சுண்டுவிரல். வண்டி ஒரு முழம் ஏறினால் உடனே சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக் கொடு. அதையும் பக்கவாட்டில் நின்று, கழியால் தள்ளித்தான் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு தகராறு செய்தது, இந்த ஐந்தும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

என்ன பிரயோஜனம்? அரிமளத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊருக்குள் மோட்டார் வண்டி என்று ஒன்று வந்ததே இல்லை. வந்தால்தானே மாட்டிக்கொள்ளும்! அப்பாவின் ஐந்து விதிகளும் பல வருஷமாகச் சும்மாவே கிடந்தன.

அந்த வருஷம் கார்த்திகை மாதக் கடைசி நாளில் ஒரு கார் வருவதாக இருந்தது. அத்தையைப் பெண் பார்க்க.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பதினெட்டு வயது. எட்டாவது பாஸ் பண்ணிவிட்டு வாத்தியார் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருந்தாள். தபால்காரர் சைக்கிள் மணி எந்தத் தெருவில் அடித்தாலும் இவள் எங்கள் வாசலில் நிற்பாள். மாப்பிள்ளைக்குப் பினாங்கில் கடை. முதல் மனைவி தவறிவிட்டாள். வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் குறை சொல்லவில்லை. திருமயத்தில் ஒரு டீக்கடையில் வைத்துப் பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் யாரையும் கேட்கவில்லை, அத்தையை நிச்சயமாகக் கேட்கவில்லை. பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சுக் கிடையாது. குண்டு விழுந்த ரோட்டில் லாரி ஓட்டிய என் அப்பாகூட, பெரியப்பா வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

அத்தை ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். கிணற்று மேட்டில் அப்பா கமலை ஓட்டிக்கொண்டிருந்தபோது, வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றவள் நிமிர்ந்து, "அண்ணே, எனக்கு வேணாம்ணே" என்றாள். அப்பா மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. அத்தை போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்? பினாங்கு எங்கே இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டேன். "கண்மாய்க்கு அங்கிட்டு" என்றாள்.

கமலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. கிணற்றிலிருந்து சரிவாக ஒரு தடம் இறங்கும். மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கினால், கிணற்றுக்குள்ளிருந்து சால் என்கிற பெரிய வாளி நிறையத் தண்ணீர் மேலே வந்து தொட்டியில் கொட்டும். கொட்டியதும் மாடுகள் திரும்பாமல் அப்படியே பின்பக்கமாக நடந்து மேலே வர வேண்டும். மற்ற வீட்டு மாடுகளை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக் கத்தினால்தான் பின்வாங்கும். எங்கள் செவலையும் மயிலையும் அப்படி இல்லை. தண்ணீர் சளசளவென்று கொட்டும் சத்தம் காதில் விழுந்தால் போதும், உத்தியோகஸ்தர்கள் மாதிரி தாமாகவே பின்னால் நடந்துவிடும். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு கோடையில் அத்தை தனியாகக் கமலை ஓட்டிப் பழக்கிய பழக்கம் அது. எங்கள் கிணற்றில் வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

அன்றைக்குப் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். பத்து மணிக்குக் கார் வந்து, பன்னிரண்டுக்குள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஏற்பாடு. விட்டால் மறுநாள் மார்கழி பிறந்துவிடும். தை முதல் முகூர்த்தத்தில் தாலி கட்டி, தை முடிவதற்குள் கப்பல். நாலு நாள் மழை பெய்து அன்று காலைதான் வெறித்திருந்தது. ஒன்பதே முக்காலுக்கு ஒருவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாப்பிள்ளை காரு ஓடையில புதைஞ்சு போச்சு! பின்சக்கரம் கண்ணுலயே காணம்!"

ஊரே கிளம்பியது. பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் முன்னால் ஓடினார். அப்பா மட்டும் நிதானமாகக் கொட்டிலுக்குப் போய், புதுக் கமலை வடத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கடைசியில் ஐந்து விதிக்கும் வேலை வந்துவிட்டதே என்று எனக்கும் பெருமை தாங்கவில்லை.

எங்கள் கிணற்று மேட்டிலிருந்து பார்த்தால் ஓடை நன்றாகத் தெரியும். கண்மாய் நிறைந்தால் வழியும் கலிங்கிலிருந்து வரும் ஓடை அது. காரின் மூக்கு எங்கள் ஊர்ப்பக்கக் கரையில் ஏற முயன்றுகொண்டிருக்க, பின்பாகம் சேற்றில் உட்கார்ந்திருந்தது. காக்கிச் சட்டை டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சேறு கிளம்பி, என்ன ஏது என்று பின்பக்கம் போய்ப் பார்த்த பெரியப்பாவை அப்படியே அபிஷேகம் செய்தது. நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"மிதிக்காதீங்க டிரைவர். மிதிக்க மிதிக்க அதுவே குழி தோண்டிக்கிரும்" என்றார் அப்பா.

பெரியப்பா தன் வண்டி மாடுகளை ஓட்டிவரச் சொன்னார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "வண்டி மாட்டுக்கு இந்த இழுவை தாங்காதுண்ணே. கமலை மாடுதான் கனம் இழுக்கும்" என்றார். அதுவும் நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். செவலையும் மயிலையும் வந்தன.

அப்பா மல்லாக்கப் படுத்துச் சேற்றில் நுழைந்து, வடத்தை அச்சில் கட்டினார். கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன். அடுத்து ஆள்காட்டி விரல். காருக்குள் முன்சீட்டில் மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் அவருடைய அம்மா, மடியில் தாம்பாளம், காலடியில் வாழைத்தார், பக்கத்தில் ஒரு சாக்குத் தேங்காய். மாப்பிள்ளை கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே நீட்டி, தன் பளபளத்த பூட்ஸையும் கீழே இருந்த சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேணாங்க, வேணாங்க! நீங்க எறங்காதீங்க" என்று அப்பா பதறினார். "மாப்பிள்ளையச் சேத்துல எறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போனா ஊரு எங்களக் காறித் துப்பாதா? ஆத்தா, நீங்களும் அப்படியே இருங்க. தேங்காயும் இருக்கட்டும்."

நான் வாயைப் பிளந்தேன். ஆள்காட்டி விரல் என்ன ஆயிற்று? சரி, மரியாதைக்காக விட்டுக்கொடுக்கிறார் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டு, அந்த விரலைப் பாதி மடக்கினேன்.

மூன்றாவதில் குறை வைக்கவில்லை. ஒரு சாக்கை ஓடைத் தண்ணீரில் முக்கி, வடத்தின் நடுவில் போட்டார். நாலாவது இன்னும் பிரமாதம். கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு வந்தார். "எல்லாரும் தள்ளுங்க. வடத்துக்கு நேரா ஒரு ஆளு நிக்கப்படாது. காருக்குப் பின்னாடி ஈ காக்கா இருக்கப்படாது. அண்ணே, நீங்களும் அங்கிட்டுப் போங்க. வடம் அறுந்தா அண்ணன் தம்பின்னு பாக்காது." பெரியப்பா சேறு வழிய வழியப் பின்னால் நகர்ந்தார். அப்பா சொல்லிப் பெரியப்பா கேட்டதை என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் கிணற்று மேட்டிலிருந்து அத்தை என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கண் மட்டும் சிவந்திருந்தது. கையில் ஒரு சின்னப் பித்தளைக் குடம். கரையின் மேலே, புளியமரத்தடியில் ஆட்கள் குடிக்க ஓர் அண்டா வைத்திருந்தார்கள்.

"ஏ ஆத்தா, பாவம், இழுக்குறவுகளுக்குத் தவிக்கும். இந்தத் தண்ணியக் கொண்டுபோயி அண்டாவுல ஊத்து. இப்ப ஊத்திராத. மாடு புளியமரத்த எட்டுறப்ப ஊத்து. குடத்த ஒசக்கத் தூக்கிச் சளசளன்னு ஊத்து. அப்பத்தான் தண்ணி குளுகுளுன்னு இருக்கும்."

அத்தை எட்டாவது பாஸ். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அப்பா மாடுகளைத் தட்டினார். வெடுக்கென்று இழுக்க விடாமல், வடம் மெல்ல விறைத்து நிமிர, மாடுகள் முட்டி போட்டு முக்கின. சேறு "ப்ளக்" என்று ஒரு சத்தம் போட்டுக் காரை விட்டது. கார் ஏறியது! கூட்டம் கூச்சல் போட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். முன்சக்கரம் கரை விளிம்பைத் தொட இன்னும் இரண்டு முழம் இருக்கும். மாடுகள் புளியமரத்தை எட்டின. நான் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி, சளசளவென்று ஊற்றினேன்.

செவலையின் காது திரும்பியது. இரண்டும் நின்றன. பிறகு, வேலை முடிந்த திருப்தியோடு, நிதானமாகப் பின்பக்கம் நடக்க ஆரம்பித்தன. வடம் தொய்ந்தது. கார் வந்த வழியே இறங்கி, பழைய குழியில் தொபுக்கென்று உட்கார்ந்தது.

"பிரேக்கெல்லாம் சேறு! புடிக்க மாட்டேங்குது!" என்று டிரைவர் அலறினார். உள்ளே தேங்காய்கள் உருளும் சத்தமும், "ஐயோ முருகா" என்ற மாப்பிள்ளையின் அம்மா குரலும் கேட்டன.

"கமலை மாடுல்ல, புத்தி பின்னுக்குத்தான் போகும்" என்றார் ஒருவர்.

"இன்னொருக்காப் போனா சரியாயிரும்ங்க. அதுகளுக்கும் வெளங்கணும்ல" என்றார் அப்பா.

நான் காலிக் குடத்தோடு அத்தையிடம் ஓடினேன். அவள் ஏற்கெனவே அடுத்த குடத்தை நிறைத்து வைத்திருந்தாள். திரும்பி ஓடி வரும்போதுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. சுண்டுவிரல்! அப்பா கல்லை மறந்துவிட்டார்! முட்டுக் கொடுத்திருந்தால் கார் பின்னால் வந்திருக்காதே. கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று, அப்பாவின் கண்ணில் படும்படி சுண்டுவிரலை நீட்டி ஆட்டினேன். அப்பா பார்த்தார், பார்த்துவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியம்மாதான் கவனித்தாள். "ஒன்னுக்கு வருதா? அதுக்கு இவ்வளவு பேருக்கு மத்தியிலயா விரலக் காட்டுவ? அந்தப் புதருப் பக்கம் போ" என்று என்னைத் தள்ளினாள். ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. மானம் போயிற்று.

இரண்டாவது இழுப்பும் அப்படியே ஆயிற்று. கார் ஏறியது, நான் ஊற்றினேன், மாடுகள் பின்னால் வந்தன, கார் போய் உட்கார்ந்தது. இந்தத் தடவை மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பறந்து சேற்றில் விழுந்தது.

மூன்றாம் இழுப்புக்கு முன்னால் என்னால் தாங்க முடியவில்லை. மானம்தான் போய்விட்டதே, இனி என்ன! குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடித்தொண்டையில் கத்தினேன். "அப்பா! கல்லு! சக்கரத்துக்குக் கல்லு வைக்கலப்பா!"

என்னை ஒருநாளும் அதட்டியறியாத அப்பா, அத்தனை பேருக்கு முன்னால், "வாய மூடு கழுதை! பெரியவுக வேலை பாக்குற எடத்துல ஒனக்கென்ன பேச்சு?" என்றார்.

சொல்லிக்கொடுத்தது அவர். மறந்தது அவர். திட்டு மட்டும் எனக்கா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே புளியமரத்தடிக்குப் போனேன். மாடுகள் எட்டியதும், அப்பா மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து மூன்றாவது குடத்தை மொத்தமாகக் கவிழ்த்தேன். அருவி மாதிரி கொட்டியது.

மாடுகள் இதற்கு முன் அவ்வளவு வேகமாகப் பின்னால் வந்ததே இல்லை. கார் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கதவு தானாகத் திறந்துகொள்ள, மாப்பிள்ளை முழங்கால் சேற்றில் வந்து நின்றார். தூக்கிய காலில் பூட்ஸ் இல்லை. அவருடைய அம்மா தாம்பாளத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மூணு தடவ! ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ இல்ல, மூணு தடவ வாசல் வரைக்கும் கூப்பிட்டு மூணு தடவயும் பின்னுக்குத் தள்ளுது. இதுக்கு மேல சாமி வந்து காதுல சொல்லணுமா? நமக்கு இந்த எடம் வேணாம்யா. டிரைவர், வண்டியத் திருப்பு."

"திரும்புனா நான் எப்பயோ திருப்பியிருப்பேன் ஆத்தா" என்றார் டிரைவர். கைக்கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "மணியும் பன்னெண்டு அஞ்சு" என்றார்.

பெரியப்பா கெஞ்சினார். காய்ந்த சேறு முகத்தில் வெடித்துக்கொண்டிருந்ததால் கெஞ்சினாரா கோபப்பட்டாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அம்மாள் அசையவில்லை.

அதற்குப் பிறகு அப்பா சுறுசுறுப்பாகிவிட்டார். வடத்தை அவிழ்த்துப் பின்னச்சில் கட்டினார். மாடுகளை அக்கரைக்கு ஓட்டினார். எல்லோரையும் மரியாதையாக இறங்கச் சொன்னார், அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி, தேங்காய் மூட்டையைத் தானே சுமந்து வைத்தார். ஈரச்சாக்கைப் போட்டார். ஆட்களைத் தள்ளி நிறுத்தினார். கார் ஒரு முழம் ஏறியதும் மாடுகளை நிறுத்தி, பக்கவாட்டில் நின்று, கழியால் ஒரு கல்லைத் தள்ளிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். இன்னொரு முழம், மறுபடி கல். கால் மணி நேரத்தில் கார் அக்கரையில் நின்றது. மாப்பிள்ளை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பாதுகாப்பாகச் செய்தீர்களே என்று நன்றி சொன்னார். நல்ல மனிதர்தான் என்று சொன்னேன் அல்லவா? அவர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு கப்பலேறி நன்றாகவே இருந்தார்.

நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னது நான். அதற்கு ஒரு வார்த்தை பாராட்டு இல்லை.

தண்ணீர் விஷயம் எனக்குப் பன்னிரண்டு வயதில், நானே கமலை ஓட்டப் பழகியபோது புரிந்தது. அத்தை அதற்குள் டிரெயினிங் முடித்து, குடுமியான்மலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகியிருந்தாள். லீவுக்கு வந்தவளை ஒரு மூலையில் நிறுத்தி, நீதானே என்று கேட்டேன். "குடத்தத் தூக்குனது நீ. என்னய ஏன் இழுக்குற?" என்று சிரித்துவிட்டாள். "அப்பாகிட்டச் சொல்லியா வச்ச?" என்றேன். "அண்ணன்கிட்டயா? அதுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. அதுவும் எங்கிட்டப் பேசல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கார் திரும்பிப் போன அன்றைக்கு மத்தியானம், இருபது பேருக்குச் சமைத்த சாப்பாட்டை நாங்கள் ஏழு பேர் சாப்பிட உட்கார்ந்தோம். பெரியப்பா வடையைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவைப் பொரிந்து தள்ளினார். "பட்டாளத்துல ஆறு வருசம் என்னத்தடா படிச்ச? ஒரு கல்லு வைக்கத் தெரியல ஒனக்கு! எட்டு வயசுப் புள்ளைக்குத் தெரியுது!" அப்பா தலையைக் குனிந்தபடி, "புத்தி மழுங்கிப் போச்சுண்ணே" என்றார். அத்தை பட்டைக் களைந்துவிட்டுச் சாதாரணச் சேலையில் பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்பாவின் இலையில் கேட்காமலே இரண்டாவது தடவையும் பாயசம் விழுந்தது.

காலையில் பட்ட கோபம் எனக்கு அந்த நிமிஷமே போய்விட்டது. பாவம் அப்பா. இத்தனை வருஷம் காத்திருந்து, வேலை வந்த அன்றைக்கு மறந்துபோய், ஊருக்கு முன்னால் அவமானப்பட்டு உட்கார்ந்திருக்கிறாரே! பெரியப்பா கை கழுவ எழுந்ததும், அப்பாவின் பக்கத்தில் நகர்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"கவலப்படாதீங்கப்பா. அடுத்த தடவையும் மறந்துட்டீங்கன்னா நான் ஞாபகப்படுத்துறேன்."

அப்பா, பெரியப்பா போன பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்து மெல்ல மடக்கிவிட்டார்.

"ஞாபகப்படுத்து தாயி. ஆனா, சத்தம் போட்டுச் சொல்லாத."

கரண்டியும் கையுமாகப் பின்னால் நின்ற அத்தை, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். சரியாக ஞாபகம் வைத்திருந்தது நான் ஒருத்திதான் என்ற பெருமையில், இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.